நாற்பது சதவீதக் கண்

ஒரு கண் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். இரண்டையும் சேர்த்து முடித்தால் பன்னிரண்டாயிரத்துக்குத் தருகிறார்கள். கண்ணுக்கு விலை உண்டா என்று உருகுகிறவர்கள், தொண்ணூற்றேழாம் வருடத்துப் பெங்களூரில் எந்தக் கண் ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரிலும் நின்றதில்லை என்று அர்த்தம். கண்ணுக்குள் வைக்கிற வில்லையில் வெளிநாட்டுச் சரக்கு தனி, உள்நாட்டுச் சரக்கு தனி என்று விலைப்பட்டியலே சுவரில் ஒட்டியிருந்தது. துணிக்கடைக்காரன் தோற்றான்.

நாராயணசாமி அந்தப் பட்டியலைப் படிக்கவில்லை. படிக்க முடிந்திருந்தால் அங்கே வந்திருக்கவே மாட்டார். மனைவி சந்திரம்மாதான் விரல் வைத்துப் படித்துச் சொன்னாள்.

டாக்டர் ஜோசஃபின் நல்ல மாதிரி. டார்ச்சை அணைத்துவிட்டு, "ரெண்டு கண்லயும் புரை. வலது நல்லாவே முத்திடுச்சு. பணத்தை நினைச்சுக் கவலைப்படாதீங்க, மாசக் கடைசில கேம்ப் வைக்கிறோம், இலவசமா பண்ணிடலாம். ஆனா நாப்பது நாள் தூசு படக்கூடாது, காத்து படக்கூடாது, பனியில நிக்கவே கூடாது. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார்.

"பனியில நிக்கிறதுதான் டாக்டரம்மா வேலை."

டாக்டர் சிரித்தார். நாராயணசாமி சிரிக்கவில்லை. அவர் உள்ளதைத்தான் சொன்னார்.

பொம்மசந்திராவைத் தாண்டி, வற்றிப்போன ஏரியொன்றின் வயிற்றில் கட்டியிருந்த தெற்கு விமான நிலையத்தில் அவர் தினக்கூலி. ஏரிக்குள் ஏன் கட்டினார்கள் என்று கேட்கக் கூடாது. இடம் பார்க்க வந்த அதிகாரிகள் ஏப்ரல் மாதத்தில், சாப்பாடு முடித்து, மத்தியானம் இரண்டரை மணிக்கு வந்தார்கள். அப்போது அங்கே பனி இல்லை. டிசம்பர் மாத விடியற்காலையில் அந்த இடம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்க அவர்களுக்குப் படி வழங்கப்படவில்லை.

ஓடுபாதை ஓரமாக அறுபது மீட்டருக்கு ஒன்று வீதம் முப்பது விளக்குகள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு முனையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, எத்தனை விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது என்று எண்ணி, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போனில் சொல்லி, ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது மணிவரைக்கும் அரைமணிக்கு ஒருமுறை. பத்து விளக்குக்குக் குறைந்தால் எந்த விமானமும் இறங்கக் கூடாது. அப்படியே திரும்பி சென்னைக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி அறுபத்திரண்டு ரூபாய். வேலை உத்தரவு எண்பத்தொன்பது நாளுக்கு. தொண்ணூறாம் நாள் வீட்டில் உட்கார வேண்டும், தொண்ணூற்றோராம் நாள் யாரோ ஒரு புது ஆள் மாதிரி போய்ச் சேர வேண்டும். தொடர்ச்சியாக வேலை பார்த்தான் என்று பின்னால் யாரும் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா? இப்படி ஆறு வருடத்தில் நாராயணசாமி இருபத்துநாலு முறை புதிதாகச் சேர்ந்திருந்தார். இருபத்துநாலு முறையும் முன் அனுபவம் இல்லை என்று எழுதிக்கொடுத்திருந்தார்.

நாற்பது நாள் லீவு என்று வாயைத் திறந்தால் அடுத்த உத்தரவில் வேறு பெயர் இருக்கும். அவர் குடியிருந்த பொம்மனஹள்ளியில் ஓர் ஆள் சாப்பிட்டு எழுவதற்குள் பத்துப் பேர் அந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள்.

"பர்மனென்ட் ஆவட்டும்மே, அப்பறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம். சம்பளத்தோட லீவு, கம்பெனி ஆஸ்பத்திரி, எல்லாம் வந்துடும்" என்றார் பஸ்ஸில்.

"அதுவரைக்கும் கண்ணு இருக்குமாய்யா?" என்றாள் சந்திரம்மா.

பர்மனென்ட் என்ற சொல்லை அவர் காதில் போட்டவர் சேஷகிரி, இயக்கப் பிரிவின் துணை மேலாளர். 'மூடுபனி முதலீட்டு ஆய்வுக் குழு' என்று ஒன்று ஆறு வருடமாக ஆய்ந்துகொண்டிருந்தது. பனியிலும் விமானத்தை இறக்கும் கருவி ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது, விலை பதினெட்டுக் கோடி. அது இருந்தால் மூன்று விளக்கு தெரிந்தாலே போதும், விமானம் பூ மாதிரி வந்து உட்காரும். வாங்கலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. வாங்கலாம் என்பவர் சேஷகிரி. வேண்டாம் என்பவர் நிதிப் பிரிவின் வெங்கடசுப்ரமணியன். இவர்களில் ஒருவரும் கருவியைப் பார்த்ததில்லை. பனியையும் பார்த்ததில்லை, இருவரும் பத்தரை மணிக்குத்தான் ஆபீசுக்கு வருவார்கள்.

"நோடப்பா, இங்க பாரு நாராயணசாமி, மிஷின் வந்துச்சுன்னா அதைச் சரிபார்க்க ஒரு ஆளு நிரந்தரமா வேணும். அது நீதான். ஆனா மிஷின் வரணும்னா பனி இருக்கணும். புரிஞ்சுதா?" என்று சேஷகிரி சொல்லியிருந்தார்.

"பனி என் கையில இல்லியே சார்."

"ரிஜிஸ்டர் உன் கையிலதானேப்பா இருக்கு."

ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு ரிஜிஸ்டர் குழுவின் மேஜைக்குப் போகும். அங்கே இருவரும் உட்கார்ந்து அன்றைய பனிக்கு விலை பேசுவார்கள்.

"ஏழு விளக்கு. நல்ல பனி" என்பார் சேஷகிரி. "அறிக்கையில அஞ்சுன்னு போடலாம்."

"அஞ்சா? என்ன ஓய், பதினெட்டுக் கோடியை வழிச்சுண்டு போகப் பார்க்கறீர். பன்னெண்டு."

"பன்னெண்டுன்னா பனியே இல்லேன்னு அர்த்தமாகும் சார். ஆறு."

"பத்து. அதுக்குக் கீழ ஒரு விளக்குகூட இறங்க மாட்டேன்."

"சரி, நேத்திக்கு நீங்க ஜெயிச்சீங்க. இன்னிக்கு எட்டுல முடிச்சுக்கலாம்."

எட்டில் முடியும். காபி வரும். கே.ஆர். மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவர்கள் குறைந்தபட்சம் கத்தரிக்காயைப் பார்த்துவிட்டுப் பேசுவார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பேரமெல்லாம் அறிக்கையில் ஏறுகிற எண்ணுக்குத்தான். விடியற்காலையில் போன் வழியாக விமானத்துக்குப் போகிற எண்ணில் இருவரும் கை வைக்க மாட்டார்கள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கையெழுத்து யாருடையது என்று கேட்பார்கள். அது அறுபத்திரண்டு ரூபாய்க்காரனுடைய கையெழுத்தாக இருப்பதே நல்லது என்பதில் மட்டும் குழுவுக்குள் கருத்து வேற்றுமை கிடையாது.

பிப்ரவரி பாதியில் பனி போய்விட்டது. நாராயணசாமியின் விளக்குகள் திரும்பி வரவில்லை. ஒன்பது தெரிந்தது. பிறகு எட்டு. மார்ச் தொடக்கத்தில் ஏழில் நின்றது. அதற்கப்பால் பால் ஊற்றி வைத்த மாதிரி வெள்ளை.

அவரை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிற ஜீப் டிரைவர் டொமினிக், மர்பி டவுன் ஆள். ஒருநாள் எட்டரை மணிக்குத் திரும்பி வந்தவன் ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"அண்ணாத்தே, ஏழா? இன்னா தமாஷ் பண்றே? கடைசிக் கம்பம் வரைக்கும் பளிச்சுனு கீது."

"எனக்கு ஏழுதான் தெரியுது டொமினிக்."

"முப்பதுன்னு எழுதிட்டுப் போய்க்கினே இரு. முதுகுல வெயில் சுள்ளுனு அடிக்கல? அதுலயே தெரியல பனி இல்லேன்னு?"

நாராயணசாமி ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "இன்னிக்கு வெயிலு. நாளைக்கு நெஜமாவே பனி வந்தா? எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான்பா கீது. இருக்கிற வெளக்க இல்லேன்னு சொன்னா பிளேனு மெட்ராஸுக்குப் போவும். இல்லாத வெளக்க இருக்குதுன்னு சொன்னா பிளேனு எங்க போவும்?"

டொமினிக் ஓடுபாதையை ஒருமுறை பார்த்தான். "சரி, நான் எண்ணிச் சொல்றேன், நீ எழுது."

"எத்தினி நாளு சொல்லுவே? நீ இங்கியே நிப்பியா?"

நிற்க முடியாது. ஐந்தரைக்கு ஜீப் சேஷகிரியின் வீட்டுக்குப் பால் வாங்கப் போக வேண்டும். ஏழு மணிக்கு அவர் பிள்ளைகளை ஸ்கூலில் விட வேண்டும். விமான நிலையத்தின் அவசர ஊர்திக்கு வேறு அவசரங்கள் இருந்தன.

ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில், பெங்களூரே விசிறியைத் தேடிக்கொண்டிருந்த காலைகளில், தெற்கு விமான நிலையத்தில் மட்டும் கடும் பனி பெய்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு நான்கு பக்கமும் கண்ணாடி. ஆனால் கோபுரத்தின் கடமை விமானத்தோடு பேசுவது; வெளியே பார்ப்பது வேறு பிரிவின் வேலை. ஒருநாள் கேப்டன் ஓஸ்வால்ட் என்கிற விமானி மேலேயிருந்து கத்தினார்.

"எனக்கு ரன்வே முழுசாத் தெரியுது. ஓரத்துல ஒரு எருமை மேயுது, அதுகூடத் தெரியுது. இறங்கலாமா?"

"எருமையைக் குறிச்சுக்கிட்டோம் கேப்டன். ரிஜிஸ்டர்ல ஏழு விளக்குதான். சென்னைக்குப் போங்க."

"மேன், அது வாலை ஆட்டறது தெரியுது எனக்கு!"

"வால் எங்க பிரிவு இல்ல, கேப்டன்."

எருமைக்காரருக்கு மறுநாள் நோட்டீஸ் போனது. விமானம் சென்னைக்குப் போனது. அங்கே மீனம்பாக்கத்தில் பயணிகள் சட்டை முதுகில் ஒட்ட, செய்தித்தாளால் விசிறிக்கொண்டு, 'பெங்களூரில் மூடுபனி காரணமாகத் தாமதம்' என்ற பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மட்டும் சந்தேகம் கேட்டார். ஸ்வெட்டர் கொண்டுவரவில்லையே, போய் இறங்கினால் குளிருமா என்று.

சேஷகிரிக்குத் தலைகால் புரியவில்லை. கோடைப் பனி! எந்த ஊருக்குக் கிடைக்கும்? சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம் போட்டு, ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

"தில்லியில பனி இருக்கு. அதனால அவங்களுக்கு பட்ஜெட் இருக்கு. நமக்கு என்ன குறைச்சல்? ஊரு வளருது, கம்ப்யூட்டர் கம்பெனி வருது, வெள்ளைக்காரன் வர்றான். அவன் வந்து இறங்கறப்போ, இங்க பனிகூட இல்லியான்னு கேட்டா நம்ம மானம் என்னாகும்? ஆறு வருஷமா நாம பனிக்காக உழைச்சோம். நம்ம உழைப்புக்கு இயற்கையே இறங்கி வந்திருக்கு. பனி குறையாம பார்த்துக்க வேண்டியது ஒவ்வொரு ஊழியரோட கடமை!"

கைதட்டினார்கள். அடுத்த வாரமே குழு கோடைப் பனியைப் பற்றி ஆய்வு செய்ய ஐரோப்பாவுக்குப் பதினெட்டு நாள் போனது. அங்கே கோடையில் பனி இல்லை என்று கண்டுபிடித்துத் திரும்பியது. செலவு பன்னிரண்டு லட்சம். போகக் கூடாது என்று கோப்பில் எழுதிய வெங்கடசுப்ரமணியனும் போயிருந்தார். செலவைக் கண்காணிக்க ஓர் ஆள் கூடவே இருப்பது நல்லது என்பது அவர் கட்சி.

நாராயணசாமிக்கு இவ்வளவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, விளக்கு ஏழிலிருந்து நாலாகிவிட்டது. காலையில் சந்திரம்மா தட்டில் வைத்த இட்லியைத் தடவி எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"சொல்லிடுய்யா. வேலை போனா போவுது. நான் இன்னும் ரெண்டு வீடு சேர்த்துப் பாத்திரம் தேய்க்கிறேன். கண்ணு போச்சுன்னா எந்தக் கடையில போயி கேக்கறது?"

"ஆறு வருஷம் நின்னுட்டேன்மே. இந்த மாசம் அறிக்கை முடியுதாம்."

"நீ நிக்கிறது பனியில இல்ல. உன் கண்ணுக்குள்ளியேதான் நிக்கிறே."

மே இருபதாம் தேதி முடிவெடுப்பதற்காகக் குழு ஓடுபாதைக்கே வந்தது. விடியற்காலை வருவதாகத்தான் ஏற்பாடு. வந்து சேரும்போது மணி பதினொன்று. குடை பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. நாராயணசாமி ஸ்டூலில் ஏறி நின்று, கண்ணை இடுக்கி, "நாலு சார்" என்றார்.

வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "எனக்கு முப்பதும் தெரியறதே ஓய்!"

"எனக்கும் தெரியுது சார்" என்றார் சேஷகிரி அமைதியாக. "ஆனா நாம அறிவிக்கப்பட்ட பார்வையாளர் இல்ல. நமக்குத் தெரியறது செல்லாது. ரூல் படி இங்க நாலுதான் தெரியுது. கையெழுத்துப் போடுங்க."

வெங்கடசுப்ரமணியன் பேனாவைத் திறந்தார். ரூல் என்றால் ரூல்தான்.

அப்போது நாராயணசாமி ஸ்டூலிலிருந்து இறங்கினார். காலால் துழாவி இறங்குவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"சார், பனி இல்ல சார். என் கண்ணுல புரை. டாக்டரம்மா சீட்டு கீது. பிப்ரவரியிலேர்ந்து பனியே இல்ல சார்."

யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கோப்பைத்தான் பார்த்தார்கள். வரைபடம், அறிக்கை, பயணப்படி, பதினெட்டுக் கோடி எல்லாம் அந்த ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தது அவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

முதலில் சுதாரித்தவர் வெங்கடசுப்ரமணியன். "அப்படின்னா பனி மொத்தமும் கண்ணு! கருவியே வேண்டாம்!"

"மொத்தமுமா?" சேஷகிரி குரல் கீச்சிட்டது. "டிசம்பர் பனி கண்ணா? ஜனவரி பனி கண்ணா? வேணும்னா பத்து பர்சென்ட் கண்ணுன்னு வைங்க."

"எண்பது."

"இருபது. சார், நீங்களும்தான் ஐரோப்பா வந்தீங்க. மொத்தமும் கண்ணுன்னா அந்தப் பயணம் எதுக்குன்னு ஆடிட்ல கேப்பான்."

வெங்கடசுப்ரமணியன் குடைக்குள் சற்று யோசித்தார். "அறுபது கண்ணு."

"நாப்பது கண்ணு, அறுபது பனி. இதுக்கு மேல நான் குறைக்க முடியாது."

"சரி, போடும்."

நாராயணசாமி இரண்டு குரல்கள் வந்த திசைகளிலும் மாறி மாறித் திரும்பினார். தன் கண்தான் விலை போகிறது என்பது புரிந்தது; யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்பதுதான் விளங்கவில்லை.

"சார், எனக்கு ஆபரேஷனுக்கு நாப்பது நாளு லீவு மட்டும்..."

"இருப்பா, பெரிய விஷயம் பேசிட்டிருக்கோமில்ல."

இப்படியாக ஆறு வருடக் கேள்விக்கு விடை கிடைத்தது. பனி அறுபது சதவீதம் உண்மை என்பதால், கருவியிலும் அறுபது சதவீதம் வாங்குவதென்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. பத்துக் கோடியே எண்பது லட்சத்துக்குக் கம்பங்கள், அவற்றைச் சுற்றி வேலி, ஒரு குளிர்பதன அறை, திறப்பு விழாக் கல்வெட்டு ஆகியவை வந்து இறங்கின. விமானத்தோடு பேசுகிற பாகம் மீதி நாற்பதில் இருந்தது. பனி முழுமையடைந்ததும் அதை வாங்குவார்கள்.

கண்ணின் நாற்பது சதவீதத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமே. பிப்ரவரியிலிருந்து திருப்பிவிட்ட விமானங்கள் நூற்றைம்பத்தைந்து. தணிக்கைக்காரர்கள் நஷ்டத்தை நாராயணசாமியிடம் வசூலிக்கச் சொன்னார்கள். விதியைப் புரட்டிப் பார்த்தால், தினக்கூலியிடம் வசூலிக்க வழியில்லை. சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால் சம்பளம் என்று ஒன்று வேண்டும். இரண்டு வாரம் கோப்பு மேலும் கீழும் போய்வந்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொமினிக் பழுப்பு உறையோடு பொம்மனஹள்ளி வீட்டுக்கு வந்தான். உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது. அவன் கான்வென்ட்டில் எட்டாவது வரைக்கும் படித்தவன்; வாசற்படியில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னான்.

"அண்ணாத்தே... உன்னை பர்மனென்ட் பண்ணிட்டாங்க."

சந்திரம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நாராயணசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னொரு தபா சொல்லு."

"பர்மனென்ட். கருவிக் காவலர். ராத்திரியெல்லாம் இல்ல, காலைல அஞ்சுலேர்ந்து. அந்தக் கம்பத்தையெல்லாம் யாரும் களவாடாம பாத்துக்கணும். மாசம் ரெண்டாயிரத்து நானூத்தம்பது."

"ஆஸ்பத்திரி?" என்றாள் சந்திரம்மா.

டொமினிக் தாளைத் திருப்பினான். குரல் இறங்கியது. "வேலையில சேர்றதுக்கு முன்னியே இருந்த நோவுக்கு ஆஸ்பத்திரி இல்லியாம்."

"இருக்கட்டும், டாக்டரம்மா கேம்புல சும்மாவே பண்றேன்னுதே. நாப்பது நாள் லீவு தருவாங்களா?"

"பாக்கி தீர்ற வரைக்கும் லீவு கெடையாதுன்னு போட்டுகீறான் அக்கா."

"இன்னா பாக்கி?"

டொமினிக் கடைசித் தாளை எடுத்தான். நாராயணசாமி அவன் முகம் இருக்கக்கூடும் என்று தோன்றிய இடத்தைப் பார்த்துக்கொண்டு, "படிப்பா, பர்மனென்ட் ஆளுக்கு இன்னா பயம்" என்றார்.

அவன் படித்தான்.

கண்ணின் பங்குக்கு வரும் விமானங்கள் 62, ஒன்றுக்கு ரூ. 70,000 வீதம்: ரூ. 43,40,000.

குழுவின் ஐரோப்பியப் பயணச் செலவு ரூ. 12,00,000, அதில் கண்ணின் பங்கு நாற்பது சதவீதம்: ரூ. 4,80,000.

ஆக மொத்தம்: ரூ. 48,20,000.

கழிக்க, மே மாதம் இருபது நாள் கூலி, நாளொன்றுக்கு ரூ. 62 வீதம்: ரூ. 1,240.

நிகர பாக்கி: ரூ. 48,18,760.

கழிக்க, ஓய்வு பெறும்வரை நாற்பத்தெட்டு மாதச் சம்பளப் பிடித்தம், மாதம் ரூ. 800 வீதம்: ரூ. 38,400.

ஓய்வு பெறும் நாளன்று விமான நிலையத்துக்கு நாராயணசாமி தர வேண்டிய மீதி: ரூ. 47,80,360.